மணி யார் முகத்தைப் பார்த்தது?

கேள்வி:

டாக்டர் ஐயா, நாங்கள் தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். பெரியவனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. சின்னவனுக்கு நாலு. வீட்டில் மணி என்று ஒரு நாட்டு நாய் வளர்க்கிறோம். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்காகப் பெரியவன் 'எந்த விலங்கு புத்திசாலி?' என்று ஒரு சார்ட் தயாரிக்கிறான். யூடியூபில் பார்த்துவிட்டு மணியின் நெற்றியில் குங்குமம் வைத்து, எதிரில் கண்ணாடியை வைத்தான். அது ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்புறம் மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றுக்குள் பிஸ்கட்டை ஒளித்து, கண்டுபிடி என்றான். மணி டம்ளர் பக்கம் திரும்பவே இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. 'மணி ஃபெயில்' என்று எழுதிவிட்டான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. காக்காவுக்கு ஏழு வயதுக் குழந்தையின் மூளை, நாய்க்கு இரண்டு வயதுக் குழந்தையின் மூளை என்று ஏதோ வீடியோவில் கேட்டிருக்கிறான். 'அப்போ தம்பி காக்காவை விட மக்கு' என்று சின்னவன் எதிரிலேயே சொன்னான். சின்னவனுக்கு இன்னும் பேச்சு சரியாக வரவில்லை. இரண்டு மூன்று சொல் சேர்த்துத்தான் பேசுவான். ஆனால் அண்ணன் என்ன செய்தாலும் அப்படியே செய்வான். எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. என் மாமனார், 'ஐந்தறிவு ஜீவனையும் மனுஷப் பிள்ளையையும் எதுக்குடா ஒப்பிடுறே' என்று அதட்டினார். ஒப்பிடுவதே தப்பா? வீடியோவில் சொன்னது நிஜமா? இன்னொன்று: மணி செருப்பைக் கடித்துப்போட்டுவிட்டு, நான் வந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. செய்தது தப்பு என்று அதற்குத் தெரிகிறதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் சின்னவனைப் பற்றி. நாலு வயதில் இரண்டு மூன்று சொல் சேர்த்துத்தான் பேசுகிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நான் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, விலங்குகளின் நடத்தையை ஆராய்வதையே இருபது வருடமாக வேலையாக வைத்திருப்பவன். குழந்தையின் பேச்சைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்வது முறையில்லை. ஆனால் 'காக்காவை விட மக்கு' என்ற பேச்சு என் துறைக்குள் வருகிறது. அது தவறு. ஏன் தவறு என்று பெரியவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அந்த ஏழு வயதுக் கணக்கு வந்த வழி இதுதான். பானைக்குள் கல்லைப் போட்டுத் தண்ணீரை மேலே வரவழைத்த காக்கா கதை அவனுக்குத் தெரிந்திருக்கும். 2009-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதை நிஜமாகவே செய்து பார்த்தார்கள். ரூக் என்று ஒரு காக்கை வகை. அதன் முன்னால் பாதி தண்ணீர் உள்ள கண்ணாடிக் குழாயை வைத்து, தண்ணீரில் ஒரு புழுவை மிதக்கவிட்டு, பக்கத்தில் கற்களைப் போட்டார்கள். பறவை ஒவ்வொரு கல்லாக உள்ளே போட்டு, தண்ணீரை ஏற்றி, புழுவை எடுத்துத் தின்றது. அப்புறம் பசிபிக் கடலில் உள்ள நியூ கலிடோனியாவின் காக்கைகளிடம் இதையே இன்னும் விரிவாகச் செய்தார்கள். மணல் நிரப்பிய குழாயை விட்டுவிட்டுத் தண்ணீர்க் குழாயில் அவை கல்லைப் போட்டன. மிதக்கும் பொருளை ஒதுக்கிவிட்டு மூழ்கும் பொருளை எடுத்தன. இந்த மாதிரிப் புதிர்களில் ஐந்திலிருந்து ஏழு வயதுக் குழந்தைகள் காட்டும் திறமைக்குச் சமமாக இந்தக் காக்கைகள் செய்கின்றன என்று 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அவ்வளவுதான் சமாச்சாரம். தண்ணீரும் கல்லும் சேர்ந்த ஒரு வகைப் புதிரில் கிடைத்த முடிவை எடுத்து, வீடியோக்காரர் அதை முழு மூளையின் வயதாக்கிவிட்டார். அதே ஆய்வில் காக்கைகள் தோற்ற இடமும் உண்டு. இரண்டு குழாய்களை அடியில் மறைவாக இணைத்து, ஒன்றில் கல் போட்டால் பக்கத்துக் குழாயில் தண்ணீர் ஏறும்படி வைத்தார்கள். காக்கைகளுக்கு அது பிடிபடவில்லை. அதை வீடியோவில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தவிர, அவை நம் வீட்டு மொட்டைமாடியில் சோற்றுக்கு வரும் காக்கைகள் இல்லை. வேறு இனம். குச்சியைக் கொக்கியாகச் செய்து மரப்பொந்துக்குள் விட்டுப் புழுவை இழுத்துத் தின்பது காட்டிலேயே அவற்றின் பிழைப்பு. குழாயும் குச்சியுமாக ஒரு சோதனை வைத்தால் அந்தக் காக்கை ஜொலிக்கத்தான் செய்யும். உங்கள் பெரியவன் ஏழு வயதில் கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வந்திருப்பான். நேற்று நடந்த சண்டையில் யார் மேல் தப்பு என்று ஒரு மணி நேரம் வாதாடியிருப்பான். அதையெல்லாம் எந்தக் குழாயில் அளப்பது?

நாயின் இரண்டு வயதுக் கணக்கும் அப்படித்தான் வந்தது. சின்னக் குழந்தைகளின் மொழி வளர்ச்சியை அளக்கும் முறையை நாய்க்கு ஏற்றபடி மாற்றிப் பார்த்து, சராசரி நாய்க்கு 165 சொற்களும் சைகைகளும் வரை புரியும் என்று ஒரு மதிப்பீடு செய்தார்கள். சொல் எண்ணிக்கையில் இரண்டு வயது, சரி. ஆனால் ராத்திரி இருட்டில் படலுக்கு வெளியே நிற்பது சொந்தக்காரரா வேற்று ஆளா என்று மோப்பத்திலேயே சொல்ல எத்தனை வயதாக வேண்டும்?

இனி கண்ணாடிக்கு வருவோம். இந்தச் சோதனையை 1970-இல் அமெரிக்காவில் கார்டன் கேலப் என்பவர் சிம்பன்சிகளிடம் செய்தார். கண்ணாடியைப் பல நாள் பார்த்துப் பழகவிட்டு, மயக்க மருந்து கொடுத்து, அவை நினைவில்லாமல் இருக்கும்போது புருவத்திலும் காதிலும் சிவப்புச் சாயம் தடவினார். வாசனையில்லாத, தோலில் உறுத்தாத சாயம். எழுந்து கண்ணாடியைப் பார்த்ததும் சிம்பன்சிகள் தங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தன. அந்தச் சாயத்தை அவர் தேடி எடுத்ததில்தான் சோதனையின் உயிரே இருக்கிறது. குங்குமத்துக்கு வாசனை உண்டு, வைக்கும்போது விரல் படுவதும் தெரியும். மணி நெற்றியைத் தேய்த்திருந்தால்கூட, கண்ணாடியில் பார்த்துத்தான் தேய்த்தது என்று பெரியவனால் சொல்லியிருக்க முடியாது.

சரி, மணி தேய்க்கவில்லை. நாய்கள் பொதுவாகவே இதில் ஜெயிப்பதில்லை. ஆனால் யானையின் கதையைக் கேளுங்கள். 1989-இல் வாஷிங்டன் மிருகக்காட்சி சாலையில் ஆசிய யானைகளுக்குக் கண்ணாடி காட்டினார்கள். கண்ணாடி கம்பிக்கு வெளியே இருந்தது, யானையின் உடம்புக்கு அது சின்னது. யானைகளுக்குத் தங்களை அடையாளம் தெரியவில்லை என்று முடிவானது. 2006-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் மிருகக்காட்சி சாலையில் வேறு குழுவினர் எட்டடிக்கு எட்டடியில், யானை முட்டினாலும் உடையாத கண்ணாடியைக் கொட்டடிக்கு உள்ளேயே நிறுத்தினார்கள். மூன்று யானைகளும் வந்து தும்பிக்கையால் தடவின, பின்பக்கம் எட்டிப் பார்த்தன, கண்ணாடி முன் தங்கள் வாய்க்குள் தும்பிக்கையை விட்டுப் பார்த்ததும் உண்டு. அவற்றில் ஹேப்பி என்ற யானை தன் தலையில் போட்டிருந்த வெள்ளைக் குறியைத் தும்பிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. பதினேழு வருடத்தில் யானைக்கு அறிவு வளர்ந்துவிடவில்லை. கண்ணாடிதான் பெரிதாகியிருந்தது.

நாயின் 'கண்ணாடி' எது? மூக்கு. நியூயார்க்கில் நாய்களை ஆராயும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2017-இல் கண்ணாடிக்குப் பதில் மூத்திரத்தை வைத்தார். நாயின் சொந்த மூத்திரம் ஒரு டப்பாவில், அதே மூத்திரத்தில் வேறொரு வாசனை கலந்தது இன்னொரு டப்பாவில். தன்னுடைய வாசனை மாறியிருந்த டப்பாவை நாய்கள் அதிக நேரம் மோந்தன. நெற்றியில் புதிதாக ஒரு பொட்டைப் பார்த்த மாதிரி. இதை வைத்து நாய்க்கு 'நான்' என்ற எண்ணம் இருக்கிறது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணால் கேட்ட கேள்விக்கு வாய் திறக்காத நாய், மூக்கால் கேட்டால் ஏதோ சொல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கிப்பன் குரங்குடையது. கிளையில் தொங்கித் தொங்கித் தாவும் குரங்கு அது. தரையில் கயிறு கிடக்கும், அதை இழுத்தால் சாப்பாடு வரும். மற்றக் குரங்குகள் இழுத்துவிடும். கிப்பன் இழுக்காது. மந்தபுத்தி என்று எழுதி வைத்துவிட்டார்கள். 1967-இல் பெஞ்சமின் பெக் என்ற அமெரிக்கர் அதன் கையைப் பார்த்தார். விரல்கள் நீண்டு கொக்கி மாதிரி வளைந்தவை, கட்டைவிரல் எங்கோ கீழே தள்ளி இருக்கிறது. மட்டமாகக் கிடக்கும் கயிற்றை அந்தக் கையால் கிள்ளி எடுக்க முடியாது. கயிற்றைத் தோள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். கிப்பன்கள் இழுத்துவிட்டன. நாம் தடித்த கையுறையை மாட்டிக்கொண்டு தரையில் விழுந்த ஊசியை எடுக்கத் திணறினால் நம்மை யாரும் முட்டாள் என்பதில்லை.

ஒரு விலங்கு தோற்றால் முதலில் சோதனையைத்தான் சந்தேகப்பட வேண்டும் என்று என் மாணவர்களிடம் சொல்வேன். அதோடு நிறுத்த மாட்டேன். விலங்கு ஜெயித்தால் முதலில் சோதித்த ஆளைச் சந்தேகப்பட வேண்டும்.

பெர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. வில்ஹெல்ம் ஃபான் ஆஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் அதற்குக் கணக்கு சொல்லிக்கொடுத்திருந்தார். மூன்றும் நாலும் எத்தனை என்றால் குளம்பால் ஏழு தடவை தட்டும். 1904-இல் ஒரு குழு வந்து பார்த்து, ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாத கேள்வியைக் கேட்கவைத்தார். குதிரை தடுமாறியது. கேட்பவர் கண்ணில் படாமல் மறைத்தார். அப்போதும் தடுமாறியது. குதிரை தட்டிக்கொண்டே போகும்போது சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலை நூலளவு நிமிர்ந்தது. அவருக்கே தெரியாது. குதிரைக்குத் தெரிந்தது, நிறுத்திக்கொண்டது. இதைக் கண்டுபிடித்த பிறகு ஃபுங்ஸ்டாலேயே தன் தலை அசைவை அடக்க முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். கணக்கு தெரியாத குதிரைதான். ஆனால் மனிதர்களைப் படிப்பதில் எவ்வளவு பெரிய படிப்பாளி!

படிக்கிற காலத்தில் எனக்கும் இது நடந்தது. நாலு நாய்க்குட்டிகளுக்குக் கிண்ணத்துக்கு அடியில் தீனியை ஒளித்து வைத்துச் சோதித்தேன். நாலும் திரும்பத் திரும்பச் சரியான கிண்ணத்துக்குப் போயின. நோட்டு முழுக்க டிக். எங்கள் பேராசிரியர் பார்த்துவிட்டு, எங்கே வைத்தாய் என்று தெரியாத ஒருவரை எதிரில் உட்காரவை என்றார். விடுதிச் சமையல்காரரை உட்காரவைத்தேன். குட்டிகள் அங்குமிங்கும் அலைந்தன. மூன்று வாரம் அவை கிண்ணத்தைத் தேடவே இல்லை, என் கண் போகும் இடத்தைத் தேடியிருக்கின்றன. அந்த மூன்று வார நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

இந்த இடத்தில் உங்கள் செருப்புக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மேலே சொன்ன ஹோரோவிட்ஸ்தான் இதையும் 2009-இல் 14 நாய்களிடம் சோதித்தார். எஜமானர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி 'தொடாதே' என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போவார். சில தடவை நாய் தின்றிருக்கும், சில தடவை தின்றிருக்காது. ஆனால் எஜமானரிடம் உண்மையை மாற்றிச் சொல்லி, தின்னாத நாயையும் திட்டவைத்தார்கள். தலையைத் தொங்கப்போடுவது, கண்ணைத் திருப்புவது, காதை மடக்குவது எல்லாம் நாய் தின்றதா இல்லையா என்பதைப் பொறுத்து வரவில்லை. எஜமானர் திட்டினாரா இல்லையா என்பதைப் பொறுத்து வந்தன. ஒரு பாவமும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்கள்தான் அதிகமாகக் குன்றிப்போய் நின்றன. நாய்க்குக் குற்ற உணர்வே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த முகத்தை அதற்குச் சாட்சியாக எடுக்க முடியாது, அவ்வளவுதான். நீங்கள் வாசலில் காலை வைத்ததும், கிழிந்த செருப்பைப் பார்த்து உங்கள் முகம் மாறுவதை மணி பார்க்கிறது. பயப்படுகிறது. மத்தியானம் கடித்த செருப்புக்குச் சாயங்காலம் திட்டினால் எதற்குத் திட்டு என்று அதற்குத் தெரியாது. செருப்பை உயரத்தில் வையுங்கள், கடித்து விளையாட ஒரு பழைய துணியை முடிச்சுப் போட்டுக் கொடுங்கள்.

உங்கள் மாமனார் கேட்டதற்கு வருகிறேன். ஒப்பிடுவது தப்பில்லை, என் வேலையே அதுதான். அவர் சொன்ன ஐந்தறிவு, ஆறறிவு தொல்காப்பியத்திலிருந்து வருவது. அங்கே அந்த வரிசை போவது புலன்களை வைத்து: தொட்டு அறிவது, சுவைத்து அறிவது, மோந்து அறிவது, கண்டு அறிவது, கேட்டு அறிவது, கடைசியில் மனம். மனிதரை ஆறறிவு உயிர் என்று சொன்ன கையோடு 'பிறவும் உளவே அக்கிளைப் பிறப்பே' என்று அடுத்த வரி வருகிறது. அந்தக் கிளையில் வேறு சிலவும் உண்டு என்று கதவைத் திறந்தே வைத்திருக்கிறார் தொல்காப்பியர். 'ஐந்தறிவு ஜீவன்' என்று நாம் தள்ளிவைப்பதற்கு அந்த வரி இடம் கொடுக்கவில்லை. தாத்தாவும் பேரனும் சேர்ந்து உட்கார்ந்து அந்தப் பகுதியைப் படிக்கலாம்.

மனிதக் குழந்தையையும் மற்ற உயிர்களையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2007-இல் வந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த குழு, 106 சிம்பன்சிகள், 32 ஒராங்குட்டான்கள், இரண்டரை வயதுக் குழந்தைகள் 105 பேர் என்று எடுத்து, எல்லோருக்கும் ஒரே கட்டுச் சோதனைகளை வைத்தது. ஒளித்த பொருளைத் தேடுவது, எது அதிகம் என்று பார்ப்பது, குச்சியால் இழுப்பது போன்றவற்றில் குழந்தைகளும் சிம்பன்சிகளும் ஏறக்குறைய சமம். இன்னொருவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வது, கை காட்டுவதைப் புரிந்துகொள்வது என்று வந்ததும் குழந்தைகள் 74 சதவீதத்துக்குப் போனார்கள். குரங்குகள் அதில் பாதியளவுதான். இந்த ஆய்விலும் ஒரு நியாயமான குறை உண்டு. குழந்தைக்குச் சோதனை வைத்தவர் மனிதர், சிம்பன்சிக்குச் சோதனை வைத்தவரும் மனிதர். ஒரு சிம்பன்சி வந்து கை காட்டியிருந்தால் நம் குழந்தைகளுக்கு எத்தனை மதிப்பெண் வந்திருக்கும்? இந்தக் கேள்வியைப் பெரியவனிடம் கேட்டுப் பாருங்கள். பத்து வயதுக்கு அது நல்ல கேள்வி.

மனிதரை மிஞ்சியதும் உண்டு. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வு நிலையத்தில் அயுமு என்ற இளம் சிம்பன்சி, திரையில் கண் இமைக்கும் நேரம் மட்டும் வந்து மறையும் எண்களின் இடங்களை ஞாபகம் வைத்து, வரிசையாகத் தொட்டது. கல்லூரி மாணவர்கள் அதனிடம் தோற்றார்கள். அந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. இரண்டு வருடம் கழித்து, நிறையப் பயிற்சி எடுத்த மனிதர்கள் அயுமு அளவுக்குச் செய்துகாட்டியது அவ்வளவாகப் பரவவில்லை. அயுமு வருடக்கணக்காகப் பழகியிருந்தது, மாணவர்கள் அன்றுதான் வந்து உட்கார்ந்தார்கள்.

இப்போது உங்கள் சின்னவனுக்காக ஒன்று. இதைப் பெரியவனை உட்காரவைத்து வாசித்துக் காட்டுங்கள்.

2005-இல் விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு பெட்டி செய்தார்கள். மேலே ஒரு ஓட்டை, முன்பக்கம் ஒரு ஓட்டை. தின்பண்டம் முன்பக்க ஓட்டைக்குள். செய்துகாட்டுபவர் முதலில் மேல் ஓட்டையில் குச்சியைவிட்டுக் குத்துவார். அப்புறம் முன் ஓட்டையில் விட்டுத் தின்பண்டத்தை எடுப்பார். மேலே குத்துவதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை, நடுவில் ஒரு தடுப்பு இருக்கிறது. பெட்டி கறுப்பாக, உள்ளே தெரியாமல் இருந்தபோது உகாண்டாவின் ங்காம்பா தீவுச் சிம்பன்சிகள் இரண்டையும் செய்தன. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் பெட்டியைக் கொடுத்ததும், மேலே குத்துவது வீண் என்று பார்த்து, பெரும்பாலும் அதை விட்டுவிட்டு நேராக முன் ஓட்டைக்குப் போயின. மூன்று நாலு வயதுக் குழந்தைகளோ, தடுப்பு கண்ணுக்குத் தெரிந்தும், மேலே குத்திவிட்டுத்தான் முன்னால் போனார்கள். பெரியவர் செய்தார், நாமும் செய்ய வேண்டும்.

பார்த்தால் சிம்பன்சிதான் கெட்டிக்காரன் என்று தோன்றும். அந்தப் பெட்டிக்கு அது சரிதான். ஆனால் ஏன் என்று புரியாதபோதும் இன்னொருவர் செய்வதை அப்படியே செய்யும் இந்தப் பழக்கத்தால்தான் மாவு ஏன் புளிக்கிறது என்று தெரியாமலே தலைமுறை தலைமுறையாக இட்லி சுட்டு வந்திருக்கிறோம். பாய் முடைவதும் கோலம் போடுவதும் எழுத்துக் கூட்டுவதும் இப்படித்தான் கையிலிருந்து கைக்கு வந்தன. மனிதக் குழந்தை மற்ற உயிர்களிடமிருந்து பிரிந்து நிற்கும் இடங்களில் இது முக்கியமானது என்று நானும் நினைக்கிறேன். 'அண்ணன் என்ன செய்தாலும் அப்படியே செய்வான்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அண்ணனைப் பார்த்தே தம்பி நாள் முழுக்கப் படித்துக்கொண்டிருக்கிறான். 'மக்கு' என்ற சொல்லையும் அப்படித்தான் படித்துக்கொள்வான். பெரியவனிடம் இதைக் கோபமில்லாமல் சொல்லுங்கள். அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பெரியவர்கள் செய்த வீடியோ சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னான்.

கடைசியாக மணி. உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த வரி, 'அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது' என்பதுதான். ஹங்கேரியில் ஆடம் மிக்லோசியின் குழு 2003-இல் நாய்களையும், மனிதர்கள் கையில் எடுத்து வளர்த்த ஓநாய்களையும் ஒரே புதிரின் முன் நிறுத்தியது. முதலில் இறைச்சியை எடுக்கப் பழக்கினார்கள், பிறகு எடுக்கவே முடியாதபடி அடைத்துவிட்டார்கள். ஓநாய்கள் விடாமல் முட்டி மோதிப் பார்த்தன. நாய்கள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி, பக்கத்தில் நின்ற மனிதரின் முகத்தைப் பார்த்தன. பல ஆயிரம் வருடம் நம்மோடு வாழ்ந்ததில் நாய்க்கு வந்த திறமை அது. மணி பெரியவனிடம் விடை கேட்டது. அவன் 'ஃபெயில்' என்று எழுதிய அந்த நிமிடத்தில்தான் அவன் சார்ட்டுக்கு வேண்டிய முடிவு அவன் கண்ணெதிரில் உட்கார்ந்திருந்தது.

அதனால் தலைப்பை மாற்றச் சொல்லுங்கள். 'எந்த விலங்கு புத்திசாலி' வேண்டாம். 'நான் கை காட்டினால் மணிக்குப் புரியுமா?' என்று வைக்கட்டும். கொல்கத்தாவில் ஐசர் (IISER) என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழு, யாரும் பழக்காத தெரு நாய்களிடமே இதைச் சோதித்திருக்கிறது. கிட்ட வந்த நாய்களில் பெரும்பாலானவை கை காட்டிய பக்கம் போயின.

செய்முறை இது. இரண்டு சிரட்டை எடுத்து, இரண்டின் உள்பக்கமும் பிஸ்கட்டை நன்றாகத் தேய்த்துவிடுங்கள், மோப்பத்தில் வித்தியாசம் தெரியக்கூடாது. சின்னவன் காசைச் சுண்டிப் போடட்டும். தலை விழுந்தால் இடது சிரட்டை, பூ விழுந்தால் வலது. ஒரு போர்வையைத் திரையாகப் பிடித்துக்கொண்டு பெரியவன் அந்தச் சிரட்டைக்கு அடியில் பிஸ்கட் துண்டை வைக்கட்டும். தாத்தா நாலடி தள்ளி மணியைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும். எந்தச் சிரட்டை என்று அவருக்குத் தெரியக்கூடாது, பெரியவனைப் பார்க்கவும் வேண்டாம், முதுகைக் காட்டி நிற்கலாம். பெரியவன் இரண்டுக்கும் நடுவில் நின்று, பேசாமல், சரியான சிரட்டையை நோக்கிக் கையை நீட்டுவான். தாத்தா மணியை விடுவார். இப்படிப் பத்துத் தடவை. அப்புறம் கை காட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு நின்று பத்துத் தடவை. இந்த இரண்டாவது பத்தைத்தான் பிள்ளைகள் வீண் என்று விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். கை காட்டாதபோது பாதிக்குப் பாதி வந்து, கை காட்டியபோது எட்டு ஒன்பது வந்தால், மணி கையைப் பார்த்துத்தான் போகிறது என்று தைரியமாக எழுதலாம். கை காட்டாமலே எட்டு ஒன்பது வந்தால் மூக்கு வேலை செய்கிறது, சிரட்டையில் இன்னும் நன்றாகத் தேய்க்க வேண்டும்.

ஒரே நாளில் இருபதையும் முடிக்க வேண்டாம். நாளைக்கு ஐந்து போதும், சுண்டல் அளவு துண்டு போதும். சாக்லேட் சேர்ந்த பிஸ்கட் கூடவே கூடாது, நாய்க்கு அது விஷம். அட்டவணையில் 'சரி', 'தவறு' என்று இரண்டு கட்டத்தோடு மூன்றாவதாக 'வரவில்லை' என்று ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். கொல்கத்தா ஆய்விலும் பயந்துகொண்டு கிட்டவே வராத நாய்கள் நிறைய இருந்தன. அவற்றை யாரும் தவறில் சேர்க்கவில்லை. மணி எழுந்து போய் நிழலில் படுத்துக்கொண்டால் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளட்டும்.